வரலாற்றுச் சொற்களை வகுப்பில் புழங்க வைப்பது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை இந்தக் கேள்வியை அனுப்பியிருக்கிறார்: “எட்டாம் வகுப்பில் வரலாற்றுச் சொற்களுக்குப் பொருள் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால், அடுத்த வாரம் பாதிப் பேருக்கு நினைவில்லை. விளையாட்டாக நடத்தினாலோ போர்ஷன் முடிவதில்லை. என்ன செய்வது?”

பொருளை மனப்பாடம் செய்த மாணவனுக்கு அந்தச் சொல்லைக் கொண்டு செய்வதற்கு வேலை எதுவும் இல்லாததே மறதிக்குக் காரணம் என்று கருதுகிறேன். ஆகவே சொல்லுக்கு ஒரு வகுப்பு, பாடத்துக்கு ஒரு வகுப்பு என்று பிரிக்காமல், அந்தச் சொல்லைக் கையாளாவிட்டால் ஒரு முடிவுக்கு வரவே முடியாது என்ற நிலையில் மாணவர்களை நிறுத்துங்கள்.

உங்களுக்கு அருகிலுள்ள குளச்சலையே எடுத்துக்கொள்ளலாம். முற்றுகை, சரணடைதல், போர்க்கைதி, உடன்படிக்கை என்ற நான்கு அட்டைகளை ஆண்டு குறிப்பிடாமல் ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்து, வரிசைப்படுத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்று ஏன் விளைந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். சரணடைந்த கையோடு உடன்படிக்கை ஆகியிருக்கும் என்றுதான் பெரும்பாலான குழுக்கள் சொல்லும். ஆனால் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக்காரர்கள் குளச்சலில் தோற்றது 1741-இல். இரு தரப்பும் செய்துகொண்ட மாவேலிக்கரை உடன்படிக்கை 1753-இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் என்ன நடந்தது, தோற்றவர்களிடம் கொச்சியில் இன்னும் என்ன மிச்சம் இருந்தது என்று அவர்களே கேட்கத் தொடங்கும்போது பாடம் தானாக உள்ளே வந்துவிடும். அதன்பின் உதயகிரிக் கோட்டையிலுள்ள டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் கல்லறைப் படத்தைக் காட்டுங்கள். குளச்சலில் பிடிபட்ட எதிரிப் படைவீரர் திருவிதாங்கூர் படையைப் பயிற்றுவித்து, 1777-இல் இறந்து, அந்த அரசின் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்றால், ‘போர்க்கைதி’ என்ற அட்டை எந்த இடம் வரைக்கும் அவருக்குப் பொருந்தும்? இந்த ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் கொடுத்தாலும் வீணாகாது.

இரண்டாவதாக, மாநில எல்லைகளை மாற்றி அமைப்பது பற்றிப் பரிந்துரைத்த மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் விசாரணையை வகுப்பில் நடத்தலாம். 1953-இல் அமைக்கப்பட்ட அந்த ஆணையத்தில் ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவர் இருந்தார்கள். எனவே மூன்று மாணவர்கள் ஆணையம், மற்றவர்கள் மனுதாரர்கள். மனு, பெரும்பான்மை, எல்லை, பரிந்துரை ஆகிய சொற்கள் இல்லாமல் அங்கே ஒருவரும் வாய் திறக்க முடியாது. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருப்பதற்காகவும், மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளை தமிழ்நாட்டோடு சேர்வதற்காகவும் வாதாட வேண்டும் என்று விதி வையுங்கள். எல்லையோரப் பள்ளிகளில் இந்த விதி இல்லாவிட்டால் விசாரணை வீட்டுச் சண்டையாகிவிடும். இறுதியில் உண்மையான முடிவைச் சொல்லுங்கள்: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1-இல் இந்தப் பக்கம் வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே இருந்தன. ஆணையம் மொழியை மட்டும் பார்த்ததா, வேறு எதையும் பார்த்ததா என்று அப்போது விவாதிக்கலாம்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கையும் உண்டு. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரிய போராட்டத்தின்போது நடந்த 1954 ஆகஸ்டு துப்பாக்கிச் சூட்டையும், பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தையும் நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். அந்த நிகழ்வுகளில் துன்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். அவற்றை ஆவணங்களாகப் படிக்கவும் அவை பற்றி எழுதவும் மட்டும் சொல்லுங்கள்.

சொல் மீள்பார்வைக்குத் தனி நேரம் வேண்டுமானால் மணி அடிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் போதும். ஒரு மாணவி கரும்பலகைக்கு முதுகு காட்டி நிற்க, பின்னால் ‘உடன்படிக்கை’ என்று எழுதுங்கள். ஒப்பந்தம், கையெழுத்து, சமாதானம் ஆகிய மூன்றையும் சொல்லாமல் வகுப்பு அவளுக்குக் குறிப்புக் கொடுக்க வேண்டும். வேறு வழியின்றி யாராவது மாவேலிக்கரையைச் சொல்வார்கள்.

போர்ஷன் பற்றிய கவலைக்கு: பெரிய செயல்பாடு ஒரு அலகுக்கு ஒன்று போதும், மற்றப் பக்கங்களை வழக்கம்போல் நடத்துங்கள். மதிப்பெண்ணை நடிப்புக்கோ குரலுக்கோ கொடுக்காமல், விசாரணை முடிந்ததும் மூன்று சொற்களைக் காரணத்தோடு பயன்படுத்தி எழுதும் ஒரு பத்திக்குக் கொடுங்கள். கூச்சத்தால் எழுந்து பேசாத பிள்ளைகள் பலர் அங்கேதான் முந்துவார்கள்.