21 வயது வரை அப்பாவின் சுண்டுவிரல் நுனி மட்டும்

வணக்கம். அப்பாவைப் பார்க்கக் கிளம்புகிறீர்கள், ஆனால் தொடக் கிடைப்பது அவருடைய சுண்டுவிரல் நுனி மட்டும்தான். அமெரிக்காவின் சான் டியேகோவுக்கும் மெக்சிகோவின் டிஹுவானாவுக்கும் நடுவே கடலோரத்தில் உள்ள நட்புப் பூங்காவில் பல வருஷம் இதுதான் நடந்தது.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை அமெரிக்காவில் பிறந்து குடியுரிமை பெற்றிருக்கும், பெற்றோரிடம் அங்கே தங்குவதற்கான ஆவணம் இருக்காது. அவர்களை நாடு கடத்தினால் வீடு இரண்டாகிவிடும்.

[திரையில்: வேலி]

1971-ல் அதிபரின் மனைவி பாட் நிக்சன் இந்தப் பூங்காவுக்கு வந்தபோது அங்கே இருந்தது முள்கம்பிதான். அதை வெட்டி வழிவிட்டார்கள், அந்தப் பக்கம் நின்றவர்களோடு கைகுலுக்கினார், இங்கே வேலி ரொம்ப நாள் இருக்காது என்று நம்புவதாகவும் சொன்னார். அப்புறம் வேலி உயர்ந்துகொண்டே போய், கடைசியில் அடர்த்தியான இரும்பு வலையும் வந்தது. கை நுழையாது, எதிரில் நிற்பவர் முகம்கூடக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் சுண்டுவிரலை நீட்டி நுனியோடு நுனி ஒட்டிக்கொள்வார்கள், அதற்குச் 'சுண்டுவிரல் முத்தம்' என்றே பேர். கைக்குழந்தையில் பிரிந்த பிள்ளைக்கு அப்பாவின் சூடு என்று தெரிந்தது அந்த நுனிதான். 2020-ல் அமெரிக்கப் பக்கத்தை மூடினார்கள், அதுவும் போனது.

சரி, பிள்ளை குடிமகன்தானே, அப்பாவைக் கூப்பிட்டுக்கொள்ளலாமே? கூப்பிடலாம், 21 வயதான பிறகு. அது போதாதென்று 1996 சட்டம் ஒன்று இருக்கிறது: அனுமதியில்லாமல் ஒரு வருஷமோ அதற்கு மேலோ தங்கிவிட்டு வெளியேறியவருக்கு 10 வருஷத் தடை. விலக்கு கேட்கலாம், ஆனால் அதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள மனைவியோ, அப்பாவின் சொந்தப் பெற்றோரோ படும் கஷ்டத்தைத்தான் காட்ட வேண்டும். பெற்ற பிள்ளையின் கஷ்டம் அந்தப் பட்டியலிலேயே இல்லை! எனக்கு இது ஆறவே இல்லை.

6 வயதில் பிரிந்தால் 16-ல் தடை முடியும், மனுப் போட இன்னும் 5 வருஷம். வீடியோவை நிறுத்திவிட்டு, 6-லிருந்து 21 வரை உங்களுக்கு நடந்ததையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பால் பல் விழுந்தது, குரல் உடைந்தது, பள்ளி முடித்தது, எல்லாமே அப்பாவுக்குப் போன் திரையில்.

பெற்றோரோடு மெக்சிகோவுக்குக் கிளம்பிப் போன பிள்ளைகளும் உண்டு. வீட்டில் ஸ்பானிஷ் பேசித்தான் வளர்ந்திருப்பார்கள், வகுப்பில் எழுதச் சொன்னால் திணறுவார்கள். அதனால் சிலர் டிஹுவானாவில் தங்கிக்கொண்டே சான் டியேகோ பக்கம் படிக்கிறார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து, இருட்டிலேயே எல்லையில் உள்ள சான் இசிட்ரோ சோதனைச் சாவடி வரிசையில் புத்தகப் பையோடு நிற்க வேண்டும். அம்மா அந்த வரிசை வரைக்கும்தான் வர முடியும்.