கோவிவன் என்றொரு நாய்

ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வேப்பமரத்தடியில் நிற்கிற பிள்ளைகளே, வணக்கம்.

வரலாறு பேச வந்தவன் ராஜா கதைதான் சொல்வான் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஒரு நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நம் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர் என்றொரு ஊர். அங்கே கிடைத்த நடுகல்லில் வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்து வடிவத்தில், சில வரிகள். பல்லவ ராஜா முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் எருமை மந்தையைக் காக்கப்போய் உயிரை விட்டான். அவனுக்கு நட்ட கல் அது. வீரன் உருவத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நாயும் நிற்கிறது. அதற்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றதாம்.

பல்லவ ராஜா இந்தக் கல்லில் எதற்கு வருகிறார்? வருஷம் சொல்வதற்கு. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் மாதிரி. கதை முழுக்க மாடு மேய்க்கிற ஊர்க்காரர்களுடையது.

இப்படிப்பட்ட கற்களைத்தான் செங்கம் முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி வரை நாம் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். பொங்கல் வைத்ததால்தான் அவை பிழைத்தன. கும்பிட ஆளில்லாத கற்கள் துணி துவைக்கப் போயிருக்கின்றன, வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகக் கிடக்கின்றன. அதனால் எல்லாவற்றையும் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வை என்று நான் சொல்ல மாட்டேன். சாமி இங்கேயே இருக்கட்டும்.

ஆனால் பக்தி அதிகமானாலும் ஆபத்துதான். எனாமல் பெயின்ட் அடித்தால் எழுத்துப் பள்ளம் அடைந்துபோகும். தரையை உயர்த்தி சிமென்ட் போட்டு டைல்ஸ் ஒட்டினால் கீழ் வரிகள் புதைந்துபோகும். எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று ஆணியால் கீறுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

மைப்படி எடுப்பது, அதாவது கல்லில் உள்ள எழுத்தைத் தாளில் நகலெடுப்பது, பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்துக்குள் இறக்குவோம். மேலே மையை ஒற்றினால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். கல்லுக்குச் சேதமில்லை.

ஓர் ஊரில் பூசாரி தயங்கினார். "படி எடுத்தா சாமியோட சக்தி போயிடாதா?" என்றார். சரி, முதலில் படித்துக் காட்டுகிறேன் என்று செத்தவன் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "இத்தனை வருஷமா பேர் தெரியாமலா பூசை போட்டேன்?" என்று கேட்டுவிட்டு அவரே குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார்.

உங்கள் கோயில் திருப்பணி அடுத்த மாதம் என்றார்கள். பெயின்ட் டப்பா திறப்பதற்கு முன் எங்களுக்கு ஒரு நாள் கொடுங்கள். நாளைக் காலை ஆறரைக்கு வேடியப்பன் கோயிலில் இருப்பேன். வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து எழுந்து தெரியும். பிள்ளைகள் அவசியம் வாருங்கள். யாராவது இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தால் நல்லது.