டயர் மாற்றியதும் ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை: மடிப்பாக்கத்துத் தம்பியின் கேள்வி

சரி, இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். மடிப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியது, மூன்று நாளாக என் மண்டையைக் குடைகிறது. பைக்கில் பின் டயர் மாற்றினாராம், பழைய அதே சைஸ், 150/60-17. கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கும் சேர்ந்து எரிய ஆரம்பித்து, அணையவே இல்லை. (ஏபிஎஸ் என்றால் பிரேக் அழுத்தும்போது வீல் லாக் ஆகாமல் பார்ப்பது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்றால் ஆக்சிலரேட்டர் முறுக்கும்போது பின் வீல் வழுக்கிச் சுற்றாமல் பார்ப்பது.) வேறொரு கடையில் காட்டினால் "ரெண்டு சிஸ்டமும் போச்சு, யூனிட்டையே மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்களாம். என்னைக் குடைந்தது அந்த 'ரெண்டும் போச்சு'தான்.

ரெண்டும் போகவில்லை தம்பி. கீழ் வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே போர் மோட்டார் இருக்கும் இல்லையா, மோட்டார் நின்றால் இரண்டு வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வராது, அதற்காக இரண்டு குழாயையும் பிடுங்குவோமா? அந்தக் கதைதான். டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கென்று தனியாக வீல் சென்சார் கிடையாது. ஏபிஎஸ் வைத்திருக்கும் அதே சென்சாரிடம்தான் முன் வீல் எவ்வளவு சுற்றுகிறது, பின் வீல் எவ்வளவு சுற்றுகிறது என்று கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஒரு சென்சார் சொல்வது புரியவில்லை என்றால் இரண்டு விளக்கும் எரியும்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு அடுத்து நான் என்ன சொல்வேன் என்று தெரியும். கடைசியாகக் கை பட்ட இடத்தை முதலில் பார். போன மாதம் டிஸ்க் பேட் விஷயத்திலும் இதைத்தான் சொன்னேன், அலுத்தாலும் திரும்பச் சொல்வேன். நேற்று வரை ஒழுங்காக இருந்த வண்டி, இன்று பின் வீலைக் கழற்றி மாட்டியதும் விளக்குப் போடுகிறது என்றால், சீட்டுக்கு அடியில் இருக்கும் ஏபிஎஸ் கன்ட்ரோல் யூனிட்டை ஏன் சந்தேகப்பட வேண்டும்?

டிஸ்க் பக்கத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு தகட்டு வளையம் இருக்கும், அதுதான் ஏபிஎஸ் ரிங். அதன் முகத்தருகே சுண்டுவிரல் தடிமனில் ஒரு சென்சார், ஒற்றை போல்ட்டில் நிற்கும். ரிங்கில் 48 ஓட்டை என்று வைத்துக்கொண்டால், 36 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சென்சார் நொடிக்குச் சுமார் 250 தடவை எண்ணுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் ஏடிஎம் கார்டு முக்கால் மில்லிமீட்டர் தடிமன், அதை வைத்து ஒரு குத்துமதிப்பு பார்த்துக்கொள்ளலாம். சரியான அளவு வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இப்போது டயர் கடையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வீலைத் தரையில் படுக்கவைத்து, மேலே ஏறி மிதித்து டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து விடுவிக்கிறார்கள். ரிங் இருக்கும் பக்கம் கீழே இருந்தால் என்ன ஆகும்? லேசாக வளைந்தால் போதும். பின் வீல் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் பின் வீலைக் கையால் மெதுவாகச் சுற்றி அந்த இடைவெளியையே பாருங்கள். ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் குறுகினால் ரிங் வளைந்திருக்கிறது. அப்புறம் சென்சாரைக் கழற்றி முனையில் டார்ச் அடியுங்கள், காந்தத்தில் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருக்கும். துணியால் துடைத்தால் போய்விடும். வயர் ஸ்விங் ஆர்முக்கும் (பின் வீலைத் தாங்கும் கை) காலிப்பருக்கும் (பிரேக் பேடை அழுத்தும் பிடி) நடுவில் நசுங்கியிருக்கிறதா, கப்ளர் (வயர் இணைப்பு) முழுசாகப் பூட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இதெல்லாம் பார்க்காமல் புதுப்பேட்டையில் போய் பழைய சென்சார் தேட வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதே விளக்குதான். சென்சார் மாற்றினார், அணையவில்லை. கடைசியில் பார்த்தால் பின் ஆக்சிலில் இடது வலது ஸ்பேசரை (இடம் நிரப்பும் வளையம்) மாற்றிப் போட்டிருந்தார்கள். வீல் மொத்தமும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தது, இடைவெளி போய்விட்டது. மறுபடியும் அதேதான், கை பட்ட இடம்!

என் அசட்டுத்தனம் ஒன்றும் உண்டு. பின் வீலைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் செயினுக்கு லூப் (எண்ணெய் ஸ்ப்ரே) அடித்தேன். விரல் போகிற வேலை, செய்யாதீர்கள். பின் வீல் சுற்றுகிறது, முன் வீல் சும்மா நிற்கிறது, வண்டி குழம்பி விளக்கைப் போட்டுவிட்டது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் சாவியை அணைத்துப் போட்டு, தெரு முனை வரை ஓட்டினேன், விளக்கு அணைந்துவிட்டது. டயர் மாற்றிவிட்டு ஸ்டாண்டிலேயே கியர் போட்டு வீலைச் சுற்றிப் பார்க்கும் கடைகளிலும் இதே கூத்து நடக்கும். தம்பி, சாவியை ஒரு தடவை அணைத்துப் போட்டு ஓட்டிப் பார்த்தீர்களா? நிற்கும்போது ஏபிஎஸ் விளக்கு எரிவது இயல்பு, 5, 10 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் அணைய வேண்டும்.

சைஸ் மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. 150/60-க்குப் பதில் 150/70 போட்டால் விட்டம் 612 மில்லிமீட்டரிலிருந்து 642 ஆகிறது, கிட்டத்தட்ட 5 சதவீதம். பின் வீல் சுற்றும் கணக்கு மாறுவதை சில வண்டி பொறுத்துக்கொள்ளும், சில விளக்கைப் போட்டுக் கத்தும்.

விளக்கு எரியும்போது சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் மட்டும் இருக்காது. வேளச்சேரி மழையில் அழுத்திப் பிடித்தால் வீல் லாக் ஆகும்.

ஆனால் தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கடையிலிருந்து கிளம்பும் முன் பிரேக்கை நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தீர்களா? வீல் மாட்டும்போது பேடைப் பின்னால் தள்ளியிருப்பார்கள், முதல் அழுத்தலில் பிரேக்கே இருக்காது, அதற்கு எந்த விளக்கும் எரியாது. புது டயரும் முதல் 100 கிலோமீட்டருக்கு வழுக்கும், கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறிச் சாய்க்காதீர்கள்.

பார்த்துவிட்டு போட்டோ அனுப்புங்கள். சென்சார் முனையும் ரிங்கும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி எடுங்கள். மீட்டரை எடுக்காதீர்கள், அதில் விளக்கு எரிகிறது என்று எனக்குத் தெரியும்.