வேகமான காருக்கு எந்த பிரேக் நல்லது?

வணக்கம் நேயர்களே. பிரேக்கில் டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பேட் என்பது அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இவற்றை மாற்ற வரும்போது என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, ஓட்டை போட்ட டிஸ்க் நல்லதா, கோடு கீறின டிஸ்க் நல்லதா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், வண்டியை எங்கே ஓட்டுகிறீர்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

காரணம் இருக்கிறது. ஓடுகிற வண்டியின் ஆற்றலை வெப்பமாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. நம் சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். 1,500 கிலோ எடையுள்ள கார் அந்த வேகத்திலிருந்து நின்றால், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் பிறக்கும். வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. அதே காரை 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால், கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. எல்லை தாண்டி மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. ஒரு சுற்று ஐந்தரை கிலோமீட்டர், அதில் 15 வளைவுகள். டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். தீவு விரைவுச்சாலையில் வேலைக்குப் போய்வரும் வண்டிக்கும் செப்பாங்கில் சுற்றும் வண்டிக்கும் ஒரே பிரேக்கைச் சொல்ல முடியாது.

டிஸ்க்கை முதலில் பார்ப்போம். பழைய காலத்து பேடுகள் சூடேறினால் வாயு கக்கும். அது வெளியேறத்தான் டிஸ்க்கில் ஓட்டை போட்டார்கள். இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை குறைவு. மழையில் டிஸ்க்கின் மேல் படியும் தண்ணீர் விலக ஓட்டை கொஞ்சம் உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் மீண்டும் மீண்டும் கடுமையாகச் சூடேறி ஆறும்போது விரிசல் ஆரம்பிப்பதும் அந்த ஓட்டைகளின் ஓரத்தில்தான். கோடு கீறின டிஸ்க் பேடின் முகத்தைச் சுத்தமாக வைத்திருக்கும். ஆனால் பேடைச் சீக்கிரம் தேய்க்கும், சத்தமும் போடும். சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு நான் சொல்வது, நடுவில் காற்றுப் பாதை உள்ள, நல்ல வார்ப்பிரும்பில் செய்த சாதாரண டிஸ்க். தயாரிப்பாளரே ஓட்டை போட்ட டிஸ்க் பொருத்தி அனுப்பியிருந்தால் அதே வகையைப் போடுங்கள்.

பெரிய டிஸ்க் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்குமா? சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்புதான் ஏபிஎஸ். இப்போதுள்ள பிரேக்கே அதை வேலை செய்ய வைக்கிறது என்றால், எல்லை டயரின் பிடியில் இருக்கிறது என்று அர்த்தம். பெரிய டிஸ்க் அதிக வெப்பத்தைத் தாங்கும், அவ்வளவுதான். அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

அப்புறம் பேட். முழு கவனமும் இதற்குத்தான் தேவை. பல பேடுகளின் ஓரத்தில் அச்சிட்ட குறியீட்டில் இரண்டு எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் அதன் பிடிமானம், இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு. ஆங்கில எழுத்தில் இ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் குறைந்த எண்ணுக்கு உரியதாக இருந்தால், சூட்டில் பிடி குறையும் பேட் அது. ஐரோப்பாவின் ஆர்90 முத்திரை இருந்தால், அதன் பிடிமானம் அசல் பேடிலிருந்து 15 சதவிகிதத்துக்கு மேல் விலகக் கூடாது என்ற விதியில் சோதிக்கப்பட்டது. சாலைக்கு அந்த முத்திரையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பந்தய பேடைச் சாலை வண்டியில் போடுவதுதான் எனக்கு உண்மையில் கவலை தருவது. அது சூட்டில்தான் உயிர் பெறும். காலையில் கார் நிறுத்துமிடத்திலிருந்து இறங்கி மத்திய விரைவுச்சாலைக்குள் நுழைகிறீர்கள், முன்னால் ஒருவர் சட்டென்று தடம் மாறுகிறார். அந்த முதல் மிதி குளிர்ந்த பேடில்தான் விழும். அப்போது பிடிக்காத பேட், செப்பாங்கில் எவ்வளவு நன்றாகப் பிடித்தால் என்ன? சத்தம் வேண்டாம், கறுப்புத் தூசி வேண்டாம் என்பவர் செராமிக் பேட் எடுக்கலாம். அழுத்தமான மிதி விரும்புபவர், தூசியைப் பொறுத்துக்கொண்டு செமி மெட்டாலிக் எடுக்கலாம். தடத்துக்குப் போகிறவர் அதற்குத் தனி பேட் வைத்துக்கொள்ளட்டும். முடிந்தால் தனி டிஸ்க்கும். ஒரு வகை பேட் டிஸ்க்கில் விட்ட படலத்தின் மேல் இன்னொரு வகை சரியாக ஒட்டாது.

பிரேக் ஆயிலையும் மறக்க வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டாட் 5 என்பது சிலிகான், அதை டாட் 4 உடன் கலக்கவே கூடாது.

டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். தடிமனைத் துல்லியமாக அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியில் அளந்து காட்டச் சொல்லுங்கள், கண்ணால் பார்த்துச் சொல்வதை ஏற்காதீர்கள். மாற்றினால் இடமும் வலமும் சேர்த்து மாற்ற வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் பேடின் படலம் சமமில்லாமல் படிந்திருக்கும், அல்லது டிஸ்க் உட்காரும் சக்கர ஹப்பில் துரு இருக்கும். புது டிஸ்க் வைக்கும் முன் அந்தத் துருவைத் தேய்த்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். சக்கர நட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான் இறுக்க வேண்டும்.

பொருத்திய பிறகு பேடைப் பதப்படுத்த வேண்டும், அதாவது புது டிஸ்க்கோடு பழக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன முறை இருந்தால் அதன்படி. இல்லையென்றால், கூட்டமில்லாத நேரத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது, 60 கிலோமீட்டரிலிருந்து 20 வரை மிதமாக எட்டு, பத்து முறை குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் சில நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது சிவப்பு விளக்கில் நிற்க நேர்ந்தால் மிதியை அழுத்தியே வைத்திருக்காதீர்கள், பேட் அந்த ஒரே இடத்தில் அச்சாகப் பதிந்துவிடும். சமதரையாக இருந்தால் நியூட்ரலில் போட்டு, காலை எடுத்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.