கண்டக்டரின் படிக்கட்டும் டிரைவரின் இடுப்பும்

வணக்கம் நேயர்களே. ஆண்கள் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க என்ன செய்யலாம் என்று பேசச் சொல்லி வானொலி நிலையத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். கொடுத்திருக்கும் நேரம் கொஞ்சம்தான். டாக்டர் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இன்றைக்கு அதிகம் பேசப்போவது பஸ்ஸைப் பற்றி.

லண்டன் பஸ். கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம். சென்னையில் 18ஏ மாடி பஸ்ஸில் போனவர்களுக்கு நான் சொல்வது உடனே கண்ணில் தெரியும். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர். அந்த நாட்டில் ஆண்களுக்கு மாரடைப்பு கூடிக்கொண்டே போகிறது, காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் ஓடியாடிச் செய்யும் வேலைக்கும் இதில் வித்தியாசம் இருக்குமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஒரே சம்பள வட்டம், ஒரே ஊர்ச் சாப்பாடு, ஒரே பஸ், ஆனால் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் நாள் முழுக்க நடப்பார், அப்படி ஒரு ஜோடி வேண்டும். டிரைவரையும் கண்டக்டரையும் விட்டால் வேறு யார் கிடைப்பார்கள், சொல்லுங்கள்!

லண்டன் போக்குவரத்தில் 35 வயதிலிருந்து 64 வயது வரை சுமார் 31,000 ஆண்கள். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்காக ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை ஏறி இறங்கியிருக்கிறார். டிரைவர் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. 1953இல் முடிவு வெளிவந்தது. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது, வந்தாலும் வயது தள்ளி வந்தது, வந்தவர்களில் உடனே இறந்தவர்களும் குறைவு. அட, டிரைவருக்கு டென்ஷன் அதிகம், அதனால்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். அதே கேள்வியை அப்போதே கேட்டார்கள். அவரும் விடவில்லை, தபால்காரர்களையும் தபால் துறையில் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அங்கேயும் நடந்தவர் பக்கமே கணக்கு சாய்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. 1956இல் அவர் சீருடைக் கணக்கை எடுத்தார். பேண்ட் தைக்க அளவு எடுத்திருப்பார்கள் அல்லவா, அந்த இடுப்பு அளவு! டிரைவர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது. அதாவது, வேலைக்குச் சேரும்போதே குண்டானவர்தான் டிரைவர் சீட்டுக்குப் போனாரோ என்று ஒரு சந்தேகம் வருகிறது, நியாயமான சந்தேகம். ஆனால் ஒல்லியோ நடுத்தரமோ தொப்பையோ, எந்த உடம்பாக இருந்தாலும் கண்டக்டருக்குத் திடீர் மரணம் குறைவாகவே இருந்தது. இதைத் தொப்பை இருக்கும் நேயர்கள் கவனித்துக் கேளுங்கள். எடை குறைகிற வரைக்கும் நடக்கக் காத்திருக்க வேண்டாம், நடப்பதன் பலன் முதலிலேயே வந்து சேரும்.

நம் ஊரில் ஒரு தொல்லை, வேட்டிக்கும் லுங்கிக்கும் இடுப்பு அளவே கிடையாது. எவ்வளவு பெருத்தாலும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொள்ளும், மடித்துக் கட்டினால் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. அதனால் தையல்காரர் வைத்திருக்கிற டேப்பை ஒருநாள் கடன் வாங்குங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை விட்டபிறகு, தொப்புள் உயரத்தில் சுற்றி அளந்து பாருங்கள். நம்மூர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சர்க்கரையும் இதயமும் கவனிக்க வேண்டிய கட்டத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லும் அளவு இதைவிட அதிகம், அதைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்.

சரி, நீங்கள் கண்டக்டர் இல்லை. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆட்டோ ஓட்டுகிறீர்கள், கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறீர்கள். படிகளைத் தேடிப் போங்கள் என்கிறேன். டீ குடிக்க நீங்களே எழுந்து போங்கள், பையனை அனுப்பாதீர்கள். போன் பேசும்போது நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, வேகம் என்றால் பேச முடியும், பாட முடியாது, அந்த அளவு. ஜனவரி முதல் வாரத்தில் ஜிம்மில் பணம் கட்டி பிப்ரவரியில் நிறுத்துபவர்களைவிட, தினமும் ரயில்வே ஸ்டேஷன் படி ஏறுபவர் மீதுதான் எனக்கு நம்பிக்கை. மாரிஸும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, நீந்தினார், நடந்தார், 2009இல் இறக்கும்போது அவருக்கு வயது 99.

அடுத்தது புகை. இதுவும் ஆண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சிதான். ரிச்சர்ட் டால் என்பவர் 1951இல் பிரிட்டனில் உள்ள டாக்டர்களுக்குக் கடிதம் போட்டு, நீங்கள் புகைப்பீர்களா என்று கேட்டார். பதில் எழுதிய ஆண் டாக்டர்கள் 34,439 பேர். 50 வருடம் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், விடாமல் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சுமார் பத்து வருடம் முன்னால் போய்விட்டார்கள். ஆனால் 60 வயதில் விட்டவருக்கு மூன்று வருடம் திரும்பக் கிடைத்தது, 50இல் விட்டவருக்கு ஆறு, 40இல் விட்டவருக்கு ஒன்பது, 30இல் விட்டவருக்கு ஏறக்குறைய முழுசும். ஆக, 'இந்த வயசுக்கு மேல விட்டு என்ன ஆகப் போகுது' என்று டீக்கடை வாசலில் பீடி பற்ற வைக்கும் அண்ணாச்சிக்கு என் பதில், மூன்று வருடம் ஆகப் போகுது. பேரனுக்குக் கல்யாணம் பார்க்க அது போதாதா?

அப்புறம் இந்த கேஸ் சமாச்சாரம். நெஞ்சு வலிக்கிறது என்று மனைவி அழைத்து வருவார், கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு 'ஒண்ணுமில்ல சார், கேஸ், சோடா குடிச்சேன்' என்பார். சட்டை முதுகு வேர்வையில் ஒட்டிப் போயிருக்கும். ஐயா, நெஞ்சு அழுத்தம், வேர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி, இவை சேர்ந்து வந்தால் சோடாவை வைத்துவிட்டு 108க்குப் போன் செய்யுங்கள். சிலருக்கு, முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, வலியே இல்லாமல் மூச்சுத் திணறலாக மட்டும் வரலாம். பி.பி. வலிக்காது, அதுதான் அதன் கெட்ட குணம். 30 வயது தாண்டிய எல்லோரும் வருடம் ஒரு தடவையாவது பி.பி.யும் சர்க்கரையும் பாருங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். மாத்திரை கொடுத்தால், நன்றாகிவிட்டது என்று நீங்களே நிறுத்தாதீர்கள்; அளவு நன்றாக இருப்பது மாத்திரையால்தான்.

உப்பு, தூக்கம், குடி மூன்றையும் விரிவாகப் பேச எழுதி வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். வேகமாகச் சொல்கிறேன். உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதில் சேர்த்திதான். குடியில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நிற்கிறது என்று வீட்டில் சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் டாக்டரைப் பாருங்கள், பி.பி. குறையாமல் அடம்பிடிப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கும், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. நேரம் முடிந்துவிட்டது, நன்றி, வணக்கம்.