கம்பியை அறுக்கும் கிருமி

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். நம் டர்பன் சாட்ஸ்வர்த்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் வீட்டுச் சுவர்களில் அலாரம் கம்பெனியின் பலகை தொங்குகிறது. விவரமான திருடன் கதவைத் தொடுவதற்கு முன் அலாரம் கம்பியை அறுத்துவிடுவான். என்டெரோவைரஸ் என்ற கிருமிக் குடும்பமும் அச்சு அசலாக அந்த வேலையைத்தான் செய்கிறது.

போலியோ கிருமி, காக்சாக்கி கிருமி, குழந்தைகளுக்குக் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் போட வைக்கிற கிருமி எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவற்றுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் வயிற்று அமிலத்தையும் தாண்டிக் குடலுக்குப் போய்விடும். சானிடைசருக்கும் அவ்வளவாக மசியாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவதே மேல்.

செல்லுக்குள் நுழைந்தபின் நடப்பதுதான் சுவாரசியம். வைரஸிடம் இருப்பது அதன் மரபுச் செய்தியைத் தாங்கும், சுமார் 7,500 எழுத்து நீளமுள்ள ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. அதைப் படியெடுக்கும்போது நீளமான இரட்டை இழை உண்டாகிறது. நம் செல்லில் சாதாரணமாக அப்படி ஒன்று இருக்காது. எம்.டி.ஏ.5 என்ற புரதம் அதைக் கண்டுபிடித்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் இருக்கும் எம்.ஏ.வி.எஸ். என்ற புரதத்துக்குச் சேதி சொல்கிறது. அதன் பலனாக இன்டர்ஃபெரான் சுரக்கிறது. 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டென்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டறிந்த பொருள் இது. இது வந்து சேர்ந்ததும் பக்கத்துச் செல்கள் உஷாராகிவிடும். கிருமியைப் பிடித்து மடக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் தயாராக நாள்கணக்கில் ஆகும். இன்டர்ஃபெரானோ சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும்.

சரி, வைரஸ் சும்மா இருக்குமா? அதன் புரதங்கள் எல்லாம் முதலில் ஒரே நீளச் சங்கிலியாகத்தான் உருவாகின்றன. அதைத் துண்டு போட 2ஏ, 3சி என்று இரண்டு என்சைம்கள் உண்டு. அந்தக் கையோடு அவை நம் புரதங்களின் மேலும் பாய்கின்றன. எம்.டி.ஏ.5, எம்.ஏ.வி.எஸ். இரண்டையும் 2ஏ வெட்டிவிடும். அது மட்டுமா? புரதம் தயாரிக்க நம் செல்லுக்குத் தேவையான ஒரு முக்கியப் பாகத்தையும் வெட்டும். அப்புறம் இன்டர்ஃபெரானுக்கு உத்தரவு வந்தாலும் தயாரிப்பு படுத்துவிடும். வைரஸ் மட்டும் வேறொரு வழியில் தன் புரதத்தைத் தயாரித்துக்கொள்ளும். கில்லாடி!

ஆனாலும் பெரும்பாலும் ஜெயிப்பது நம் உடம்புதான். போலியோ தொற்றிய 100 பேரில் ஒருவருக்குக்கூட வாதம் வருவதில்லை. முக்கால்வாசிப் பேருக்குத் தொற்றியதே தெரியாது. பச்சைக் குழந்தைகளின் கதை வேறு. 1950-களில் ஜோகன்னஸ்பர்க் பிரசவ விடுதி ஒன்றில் காக்சாக்கி பி பரவி, பிறந்த சிசுக்களின் இதயத் தசையையே தாக்கியது. பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் காய்ச்சலோடு போய்க் கொஞ்சாதீர்கள். யார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று டப்பாவில் பொடி விற்கிறார்களே, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இன்டர்ஃபெரான் கூடினால் காய்ச்சலும் உடம்பு வலியும்தான் கூடும்.

தடுப்பூசி அப்படியல்ல. ஆன்டிபாடியை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பதால், கிருமி நரம்பு மண்டலத்தை எட்டுவதற்கு முன்பே மடக்கிவிடும். தென்னாப்பிரிக்காவில் இயற்கையான போலியோ கடைசியாகத் தாக்கியது 1989-இல். ஆனால் 2022-இல் பக்கத்து மொசாம்பிக்கில் அதே போலியோ தலைகாட்டியது. வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் தடுப்பூசிக் கணக்கு எழுதியிருக்கும் 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். போலியோ தவணை ஏதாவது விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.