எல்லோரும் டிராட்மனின் கழுத்தைக் கேட்கிறார்கள், கையைக் கேட்பவர் இல்லை

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. ஒரு நேயர் இப்படி எழுதியிருக்கிறார்: "பெர்ட் டிராட்மன் என்ற ஜெர்மன் கோல்கீப்பர் இங்கிலாந்தில் ஒரு இறுதிப் போட்டியில் கழுத்து எலும்பு முறிந்த பிறகும் ஆடி முடித்தார் என்கிறார்களே, நம்பலாமா? அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்றால் ஜெர்மனிக்காக ஒரு தடவைகூட ஏன் ஆடவில்லை?"

இரண்டாவது கேள்வியைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. முதல் கேள்வியைப் படித்ததும் கொஞ்சம் எரிச்சல் வந்தது. கேட்டவர்மேல் இல்லை, அந்தக் கதைமேல். 1949 முதல் 1964 வரை மான்செஸ்டர் சிட்டி என்ற ஒரே கால்பந்துக் கிளப்புக்கு 545 ஆட்டங்கள் ஆடிய மனிதரைப் பற்றிக் கேட்டால், எல்லோரும் அந்த ஒரு இறுதிப் போட்டியின் கடைசிப் பதினேழு நிமிடத்தை மட்டும் சொல்கிறார்கள். சரி, அதை முதலில் முடித்துவிடுவோம்.

உண்மைதான், நம்பலாம். 1956 மே 5, வெம்பிளி மைதானம், இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப் போட்டி. மான்செஸ்டர் சிட்டிக்கு (இனி சிட்டி என்றால் இவர்கள்தான்) எதிரே பர்மிங்ஹாம் சிட்டி. சிட்டி 3–1 என்று முன்னால் இருக்கிறது. பர்மிங்ஹாமின் பீட்டர் மர்ஃபி பந்தை விரட்டிக்கொண்டு வருகிறார். டிராட்மன் அவர் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடிக்கிறார். மர்ஃபியின் முழங்கால் அவர் கழுத்தில் இடிக்கிறது. விழுந்தவர் நினைவு தப்பிக் கிடந்தார். எழுப்பி நிறுத்தினார்கள். கேப்டன் ராய் பால், இவரால் முடியாது, ராய் லிட்டிலைக் கோலில் நிறுத்தலாம் என்று பார்த்தார். டிராட்மன் ஒப்புக்கொள்ளவில்லை. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அன்று கிடையாது. இங்கிலாந்து லீகில் அது வந்தது 1965இல்தான். அவர் வெளியேறினால் பத்துப் பேர்தான் ஆட வேண்டும். கழுத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார், மீண்டும் மர்ஃபியைத் தடுத்தார், கோப்பையையும் வாங்கினார்கள். பதக்கம் கொடுத்த இளவரசர் பிலிப், கழுத்து கோணலாக இருப்பதைக் கவனித்துச் சொன்னாராம்.

அன்று இரவு விருந்தில் அவரால் தலையைத் திருப்ப முடியவில்லை. முதலில் பார்த்த இடத்தில் சுளுக்கு, தானாகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். சில நாள் கழித்து மான்செஸ்டரில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஐந்து கழுத்தெலும்புகள் இடம் மாறியிருக்கின்றன. இரண்டாவது எலும்பு இரண்டாகப் பிளந்திருக்கிறது. மூன்றாவது எலும்பு போய் அதை முட்டுக்கொடுத்து நின்றதால்தான் ஆள் பிழைத்தார். இதில் மிகைப்படுத்தல் ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கோல்கீப்பரைத் தோளால் இடித்துத் தள்ளுவது விதிக்கு உட்பட்ட காரியம். அடுத்த ஆண்டு, 1957 இறுதிப் போட்டியில், மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ரே வுட்டின் கன்ன எலும்பு உடைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, பந்தைக் கையில் வைத்திருந்த யுனைடெட் கோல்கீப்பர் ஹாரி கிரெக்கை எதிரணியின் நாட் லாஃப்ட்ஹவுஸ் பந்தோடு சேர்த்துக் கோலுக்குள் தள்ளினார். கோல் என்று கொடுத்துவிட்டார்கள்! ஆகவே கழுத்து முறிந்தது டிராட்மனின் வீரத்துக்கு மட்டுமல்ல, அன்றைய நடுவர்களின் பொறுமைக்கும் சாட்சி.

இப்போது நான் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். சோவியத் கோல்கீப்பர் யாஷின் பற்றிப் பேசியபோதும், 1953இல் ஹங்கேரி வெம்பிளியில் இங்கிலாந்தை 6–3 என்று தோற்கடித்ததைப் பற்றிப் பேசியபோதும் சொன்னதுதான், வழக்கமாகப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கோல்கீப்பரின் வேலை பந்து கைக்கு வந்ததும் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. தாக்குதலின் முதல் ஆள் அவர்தான்.

அதே இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சிட்டியின் மூன்றாவது கோல் எங்கே தொடங்கியது? டிராட்மனின் காலில். பர்மிங்ஹாம் ஆட்டக்காரர்கள் பின்வாங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் தலைக்கு மேலாகப் பந்தை நீளமாக அடித்தார். ஜாக் டைசன் அதைத் தட்டிவிட, பாபி ஜான்ஸ்டன் கோல் போட்டார். ஆட்டத்தின் முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது. அதற்குச் சில நிமிடம் கழித்துத்தான் அந்த மோதல். மோதலை ஊர் உலகம் அறியும். கோல் எப்படி வந்தது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

இவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் சொல்லாமல் போனால் குறையாகிவிடும். 1923இல் பிரேமனில் பிறந்தவர். சிறுவனாக நாஜி இளைஞர் அமைப்பில் இருந்தார், பிறகு பாராசூட் படையில் சேர்ந்து ரஷ்ய முனையில் போரிட்டார், இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கினார். கிழக்கே ஒரு காட்டில் யூதர்களைக் கூட்டமாகச் சுட்டுக் கொன்றதைப் பார்த்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு அவரை வெறும் சாதுவாகக் காட்டுவது சரியில்லை. போர் முடியும் தறுவாயில் தப்பி ஓடும்போது ஒரு வேலியைத் தாண்டிக் குதித்தார், குதித்த இடத்தில் ஆங்கிலேயச் சிப்பாய் ஒருவன் நின்றுகொண்டு "டீ சாப்பிடுகிறாயா?" என்றான் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அதைச் சொல்லும்போது ஆங்கிலேயர்கள் முகத்தில் ஒரு பெருமை தெரியும்!

போர்க்கைதியாக லங்காஷயரில், ஆஷ்டன் இன் மேக்கர்ஃபீல்டு முகாமில் இருந்தார். அங்கே கைதிகள் கால்பந்து ஆடுவார்கள். இவர் கோல்கீப்பரே இல்லை, களத்தில் ஆடியவர். ஒரு ஆட்டத்தில் அடிபட்டதும், வெளியேற மனமில்லாமல் கோலில் நின்றவரோடு இடம் மாற்றிக்கொண்டார். அதோடு சரி, பிறகு அங்கிருந்து நகரவே இல்லை. எந்த ஊர் மைதானத்திலும் ஓட முடியாதவனைத்தானே கோலில் நிறுத்துவார்கள்.

1948இல் விடுதலை. ஊருக்குத் திரும்பவில்லை. பண்ணையில் வேலை செய்தார், வெடிக்காத குண்டுகளை அகற்றும் வேலையும் செய்தார், செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சிறிய கிளப்பில் ஆடினார். 1949 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி அவரை எடுத்தது. போர் முடிந்து நாலே வருடம். மான்செஸ்டர் ஜெர்மன் குண்டுவீச்சைக் கண்ட ஊர், யூதர்கள் நிறைய வாழும் ஊர். இருபதாயிரம் பேர் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சீசன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார்கள்.

அப்போது இரண்டு பேர் பேசினார்கள். ஒருவர் அணித் தலைவர் எரிக் வெஸ்ட்வுட், நார்மண்டியில் ஜெர்மானியர்களுக்கு எதிராகப் போரிட்டவர். உடை மாற்றும் இந்த அறைக்குள் போர் கிடையாது என்று சொல்லி வரவேற்றார். இன்னொருவர் மான்செஸ்டர் யூதர்களின் மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மன். ஜெர்மனியிலிருந்து 1938இல் தப்பி வந்தவர். பெற்றோரை நாஜிகளிடம் பறிகொடுத்தவர். ஒரு நாடு செய்த கொடுமைக்கு ஒரு தனி ஆளைத் தண்டிக்கக் கூடாது என்ற பொருளில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். எழுத மறுத்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

கடிதம் வழியைத் திறந்தது. உள்ளே போக வேண்டியவர் டிராட்மன்தானே? 1950 ஜனவரியில் லண்டனில் ஃபுல்லம் அணிக்கு எதிராக ஒரு ஆட்டம். லண்டன் குண்டுவீச்சில் சிதைந்த நகரம். பார்வையாளர்கள் "நாஜி, நாஜி" என்று கத்தினார்கள். சிட்டி அன்று படுமோசமாகத் தோற்கும் என்று எதிர்பார்த்தார்கள். 1–0 என்றுதான் தோற்றது, காரணம் இவர். ஆட்டம் முடிந்ததும் கத்திய கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது. இரண்டு அணி ஆட்டக்காரர்களும் வரிசையாக நின்று அவருக்கு வழிவிட்டார்கள். பந்தைத் தடுத்ததற்காகக் கைதட்டினார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அது சரிதான். ஆனால் அந்தப் பதினைந்து வருடமும் சிட்டிக்கு அவர் கொடுத்தது தடுப்பது மட்டும் இல்லை.

இரண்டாவது கேள்வி: ஜெர்மனிக்கு ஏன் ஆடவில்லை? 1953இல் மேற்கு ஜெர்மனிப் பயிற்சியாளர் செப் ஹெர்பர்கரை டிராட்மன் சந்தித்தார். ஜெர்மன் லீகில் ஆடினால்தான் தேர்வு செய்ய முடியும், வெளிநாட்டில் இருப்பவரை வரவழைப்பதில் பயணச் சிக்கல், அரசியல் சிக்கல் இருக்கிறது என்று பதில் வந்தது. ஷால்கே 04 கிளப் ஆயிரம் பவுண்டு தருவதாகக் கேட்டுப் பார்த்தது. சிட்டி, அதைப் போல இருபது மடங்கு பெறுவார் என்று மறுத்துவிட்டது. இங்கேயும் விடவில்லை, அங்கேயும் எடுக்கவில்லை. 1954இல் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றபோது கோலில் நின்றவர் டோனி டூரெக். 1956இல் இங்கிலாந்துக் கால்பந்து எழுத்தாளர்கள் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுத்தது டிராட்மனை. அந்த விருதை வாங்கிய முதல் கோல்கீப்பர் அவர்தான். சொந்த நாட்டுச் சட்டையை மட்டும் ஒரு நாளும் போடவில்லை.

இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை. யென்ஸ் லேமன் ஆர்சனலில் ஆடிக்கொண்டே 2006 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் முதல் கோல்கீப்பராக நின்றார். இன்னொரு ஜெர்மன் கோல்கீப்பர் டெர் ஸ்டேகன் 2014இல் ஸ்பெயினின் பார்சலோனா கிளப்புக்குப் போனார். நாட்டு அணியில் அவருக்குத் தடையாக இருந்தது தூரம் இல்லை, அந்த இடத்தில் முன்னால் நின்ற நொய்யர் என்ற கோல்கீப்பர்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: பந்து கிடைத்ததும் டிராட்மன் என்ன செய்தார்? அன்றைய கோல்கீப்பர்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைப்பார்கள். பந்து மேலே போகும், கீழே வரும், யாருக்குக் கிடைக்குமோ அது அவரவர் தலையெழுத்து. டிராட்மன் சிறுவயதில், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் ஆடியவர். பந்தை ஒரு கையில் ஏந்தி, தோளை நன்றாகப் பின்னே கொண்டுபோய், களத்தின் பாதி தூரம் வரை எறிவார். எறிந்தது கென் பார்ன்ஸ் போன்ற நடுக்கள ஆட்டக்காரரின் காலடியில் போய் விழும். அவருக்கு முன்பு சிட்டியின் கோலில் நின்ற ஃபிராங்க் ஸ்விஃப்டும் எறிவதில் கெட்டிக்காரர்தான். டிராட்மன் காலத்தில் அது ஒரு முழுத் திட்டத்தின் முதல் படியாக மாறியது.

ஹங்கேரியின் ஹிடெக்குட்டியை நினைவிருக்கிறதா? முன்னணி ஆட்டக்காரராகப் பெயர் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து பந்து வாங்குவார் என்று விரிவாகப் பேசினோம். சிட்டி அதைத் தன் ஆட்டக்காரர் டான் ரெவியை வைத்துச் செய்து பார்த்தது. 1954–55 சீசனின் முதல் ஆட்டத்திலேயே பிரஸ்டனிடம் 5–0 என்று தோல்வி! விட்டுவிடவில்லை. அந்த ஆண்டு இறுதிப் போட்டி வரை போய் நியூகாசிலிடம் தோற்றார்கள், அடுத்த ஆண்டு வென்றார்கள். பார்ன்ஸுக்குப் பந்து துல்லியமாக வர வேண்டும், பார்ன்ஸ் திரும்பி ரெவிக்குக் கொடுக்க வேண்டும். கோல்கீப்பர் குத்துமதிப்பாக உதைத்தால் இந்தத் திட்டம் முதல் நொடியிலேயே செத்துவிடும். புத்தகங்களில் திட்டத்துக்கு ரெவியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதில் பாதி டிராட்மனின் தோளுக்குச் சேர வேண்டும்.

இன்று டெர் ஸ்டேகன் காலால் பத்து கெஜம் பாஸ் கொடுத்தால் வர்ணனையாளர்கள் புதிய யுகம் என்கிறார்கள். எழுபது ஆண்டுக்கு முன்பே இது நடந்திருக்கிறது, கையால்.

கழுத்து முறிந்த அந்தக் கோடையிலேயே அவருடைய ஐந்து வயது மகன் சாலை விபத்தில் இறந்துபோனான். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மீண்டும் களத்துக்கு வந்து, பிறகு எட்டு சீசன் வரை ஆடினார் என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள். ஓய்வு பெற்ற பிறகு பர்மா, தான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான், ஏமன் என்று பல நாடுகளில் பயிற்சி கொடுத்தார். கடைசியில் ஸ்பெயினில் வலென்சியா பக்கம் வாழ்ந்து 2013இல் 89 வயதில் காலமானார்.

அந்த 1956 இறுதிப் போட்டியின் பழைய செய்திப் படச் சுருள் இணையத்தில் கிடைக்கிறது. மூன்றாவது கோலை முதலில் பாருங்கள், பந்து யார் காலிலிருந்து கிளம்புகிறது என்று கவனியுங்கள். அடுத்து, பெனால்டியில் கோல்கீப்பர் முன்கூட்டியே பாய்வது புத்திசாலித்தனமா என்று இன்னொரு நேயர் கேட்டிருக்கிறார். அது பெரிய விஷயம், தனியாகப் பேசுவோம்.